16 வயதில் மாட்ரிட் போன பையன்: சாமுவேல் எட்டோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டோ பெயரை எடுத்தாலே என்னிடம் திரும்பத் திரும்ப வருவது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பார்சலோனாவில் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அதற்கு முன் நடந்தது தெரியவில்லை, அதற்குப் பின் நடந்ததை மட்டும் செய்தியில் படித்தவர்களுக்கு அவர் எப்படி ஆடினார் என்பதே தெரியவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன். முதலில் சுலபமானவை, சிக்கலானவை போகப் போக வரும்.

எட்டோ யாரு? மெஸ்ஸி கூட ஆடினவர்னு மட்டும்தான் தெரியும்.

கேமரூன் நாட்டு ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதே முக்கிய வேலையான முன்கள வீரர். 1981 மார்ச் 10-ல் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதை 4 முறை வாங்கியவர் (2003, 2004, 2005, 2010). ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை பார்சலோனாவோடு 2 முறை, இத்தாலியின் இன்டர் மிலனோடு ஒரு முறை ஜெயித்தார். கேமரூனுக்காக 118 ஆட்டங்களில் 56 கோல். ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையில் மட்டும் 18 கோல், அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதிகம் அடித்தவர் அவர்தான்.

மெஸ்ஸி கூட ஆடினவர் என்று சொல்வதைவிட, மெஸ்ஸி 17 வயதில் பார்சலோனாவின் முதல் அணிக்குள் வந்தபோது அங்கே கோல் அடித்துக்கொண்டிருந்தவர் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

எந்த ஊர்க்காரர்? எங்கே கத்துக்கிட்டார்?

டுவாலாவில் வளர்ந்தவர். கேமரூனின் தலைநகரம் யாவுண்டே, ஆனால் பெரிய நகரம், துறைமுக நகரம் டுவாலா. அங்கே இருக்கும் கஜி அகாடமியில்தான் பயிற்சி. சின்ன வயதிலேயே தேசிய அணி வரைக்கும் போய்விட்டார்: 1997 மார்ச் 9-ல், 16-வது பிறந்தநாளுக்கு முதல் நாள், கோஸ்டாரிகாவுக்கு எதிராக கேமரூன் சட்டையில் முதல் ஆட்டம். அன்றைக்கு கேமரூன் 5-0 தோற்றது.

16 வயசுப் பையனை ரியல் மாட்ரிட் கூட்டிட்டுப் போனாங்க, அப்புறம் ஏன் ஆடவே விடல?

பெரிய கிளப் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். எட்டோவுக்கு அங்கேதான் கஷ்டமே ஆரம்பித்தது. மாட்ரிட் விமான நிலையத்தில் குளிர் நேரத்தில் மெல்லிய உடையோடு வந்து இறங்கியதையும், அழைத்துப் போக ஆள் இல்லாமல் நின்றதையும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சரி, ஆட்ட விஷயத்துக்கு வருவோம். இளம் வீரர்கள் வழக்கமாக ரியல் மாட்ரிட்டின் பி அணியில் ஆடிப் பழகித்தான் மேலே வருவார்கள். அந்த பி அணி சரியாக அந்த நேரத்தில் மூன்றாம் நிலை லீக்குக்கு இறக்கப்பட்டுவிட்டது, அந்த நிலையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்கள் ஆடக்கூடாது என்பது ஸ்பெயின் விதி. முதல் அணியிலோ வெளிநாட்டவருக்கு இருந்தது சில இடங்கள்தான், அதற்கு உலகப் புகழ் பெற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். கீழேயும் ஆட முடியாது, மேலேயும் இடமில்லை. அதனால் 1997-98 சீசனுக்கு இரண்டாம் நிலையில் இருந்த லெகானெஸ் கிளப்புக்கு லோனில் அனுப்பினார்கள். 1999 தொடக்கத்தில் எஸ்பான்யோலுக்கு லோன், அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

இதற்கு நடுவில் 1998 உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். வயது 17 வருடம் 99 நாள், அந்த உலகக் கோப்பையில் ஆடியவர்களிலேயே சின்னவர். சொந்த நாட்டுக்கு உலகக் கோப்பையில் ஆடும் பையனுக்கு கிளப்பில் இடம் இல்லை.

லோன்ல அனுப்பிட்டாலே அவ்வளவுதான், வேண்டாம்னு ஒதுக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?

பல நேரம் அப்படித்தான் முடிகிறது, அதை மறுக்க மாட்டேன். ஒப்பந்தம் தாய்க் கிளப்பிடம் இருக்கும், ஆட்டம் மட்டும் வேறு இடத்தில். போன இடத்தில் உள்ள கோச்சுக்கு இந்தப் பையனை வளர்த்துவிட வேண்டும் என்ற அக்கறை பெரிதாக இருக்காது, ஏனென்றால் சீசன் முடிந்ததும் திரும்பிப் போய்விடுவான். வருடத்துக்கு ஒரு ஊர், புது ஆட்கள், புது வீடு என்று 3 வருடம் போனால் பல பையன்கள் மனதளவில் உடைந்துவிடுவார்கள்.

எட்டோவின் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது யாரும் பேசாத இந்த 1997 முதல் 2000 வரைக்குமான காலம்தான். கோப்பைகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் எஸ்பான்யோலில் மாதக்கணக்கில் பயிற்சிக்கு மட்டும் போய்வந்த 18 வயதுப் பையனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 2000 ஜனவரியில் மூன்றாவது முறையாக லோனில் அனுப்பினார்கள், ஸ்பெயினின் மயோர்கா தீவில் உள்ள கிளப்புக்கு. இந்த முறை அதுவே வாசலாக அமைந்தது.

மயோர்காவுல அப்படி என்ன நடந்துச்சு?

ஆட விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. அரை சீசனில் கோல் அடித்துக் காட்டினார், உடனே மயோர்கா தன் வரலாற்றில் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகையைக் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டது. 2000-01 சீசனில் லூயிஸ் அராகோனெஸ் கோச். கறாரான மனிதர், எட்டோவை பெஞ்சு அருகே சட்டையைப் பிடித்து உலுக்கித் திட்டிய காட்சியை இன்றைக்கும் பார்க்கலாம். ஆனாலும் எட்டோ அவரைப் பற்றி எப்போதும் பாசத்தோடுதான் பேசுவார். அந்த வருடம் மயோர்கா லீக்கில் மூன்றாவது இடம் பிடித்தது, ஒரு தீவுக் கிளப்புக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

2003 மே மாதம் மாட்ரிட்டுக்கே போய் ரியல் மாட்ரிட்டை 5-1 என்று ஜெயித்தார்கள். அடுத்த மாதம் ஸ்பெயின் அரசர் கோப்பை இறுதி ஆட்டம், 3-0, அதில் எட்டோ 2 கோல். மயோர்கா அந்தக் கோப்பையை ஜெயித்தது அந்த ஒரு முறைதான். அந்த ஆட்டத்துக்கு 2 நாள் முன்பு, ஜூன் 26-ல், அவருடைய கேமரூன் அணித் தோழர் மார்க்-விவியன் ஃபோ பிரான்ஸில் ஆடுகளத்திலேயே சரிந்து இறந்துபோனார். அந்த வாரத்தை எட்டோ எப்படிக் கடந்தாரோ, இறுதி ஆட்டத்தில் 2 கோல் அடிக்க எங்கிருந்து தெம்பு வந்ததோ, எனக்கு இன்னும் வியப்புதான்.

ரியல் மாட்ரிட்தானே முதல்ல கூட்டிட்டு வந்தது, அப்புறம் எப்படி பார்சலோனாவுக்குப் போனார்?

மயோர்காவுக்கு விற்றபோதும் ரியல் மாட்ரிட் அவருடைய உரிமையில் ஒரு பங்கை விடாமல் வைத்திருந்தது. 2004-ல் பார்சலோனா 2.4 கோடி யூரோ கொடுத்தபோது அந்தப் பணம் இரண்டு கிளப்புக்கும் பிரிந்து போனது. ரியல் மாட்ரிட்டிடம் அப்போது ஸ்ட்ரைக்கர்களாக ரவுல், பிரேசிலின் ரொனால்டோ இருந்தார்கள், வெளிநாட்டவர் இடங்களும் நிரம்பியிருந்தன. மேலே சொன்ன அதே கதை, 7 வருடம் கழித்தும்.

அந்தக் காயம் அவருக்குள் இருந்தது. 2005-ல் பார்சலோனா லீக்கை ஜெயித்த கொண்டாட்டத்தில் மைக்கைப் பிடித்து ரியல் மாட்ரிட்டைத் திட்டி கோஷம் போட்டார், அபராதம் விழுந்தது, மன்னிப்பும் கேட்டார். செய்தது தவறு. ஆனால் 16 வயதில் வந்து 3 முறை லோனில் அலைந்த பையனின் குரல் அதில் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எந்த மாதிரி ஸ்ட்ரைக்கர்? வேகம் மட்டும்தானா?

வேகம் உண்டு, ஆனால் அவரைப் பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது அவர் எந்த நொடியில் ஓட ஆரம்பிப்பார் என்பதுதான். 2009 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், ரோமில், எதிரணி மான்செஸ்டர் யுனைடெட். முதல் 9 நிமிடம் யுனைடெட்தான் ஆடியது, பார்சலோனாவுக்கு மூச்சு விடவே இடமில்லை. 10-வது நிமிடம் இனியெஸ்டா நடுவிலிருந்து பந்தைக் கொண்டுவந்து வலது பக்கம் எட்டோவுக்குத் தட்டினார். யுனைடெட்டின் தடுப்பாட்டக்காரர் விதிச் குறுக்கே வருகிறார். எட்டோ வெளியே அடிப்பது போல் ஒரு கணம் காட்டி, உள்ளே வெட்டி, காலைப் பின்னால் இழுத்து ஓங்கி அடிக்க நேரமில்லாததால் கால் நுனியால் குத்தினார். கோல்கீப்பர் வான் டெர் சார் கையில் உரசி உள்ளே போனது. கோல்கீப்பர் தயாராவதற்குள் பந்து கிளம்பிவிட்டது, அதுதான் அந்தக் குத்தின் மதிப்பு. அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க பார்சலோனா கையில். 2-0.

2006 இறுதி ஆட்டத்திலும் அப்படித்தான். ஆர்சனல் ஒரு ஆள் குறைவாக ஆடியும் 1-0 முன்னிலையில் இருந்தது, 76-வது நிமிடம் சக வீரர் லார்சன் ஒரே தொடலில் தட்டிவிட்ட பந்தை எடுத்து கோல்கீப்பருக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையில் செருகினார். 2-1 என்று பார்சலோனா ஜெயித்தது. அந்த 2005-06 சீசனில் லீக்கில் 26 கோல், ஸ்பெயினிலேயே அதிகம்.

இன்னொன்று. பந்து எதிரணியிடம் போன அடுத்த நொடி அதைத் துரத்துவது. கார்டியோலா கோச்சாக இருந்த பார்சலோனா முன்களத்திலிருந்தே பந்தைப் பறித்தது என்று புகழ்கிறோமே, அந்த வேலையின் முதல் ஆள் எட்டோ.

சரகோசாவுல ஆட்டத்தை விட்டுட்டுப் போயிட்டாராமே?

போகக் கிளம்பினார், போகவில்லை. 2006 பிப்ரவரி 25, ஸ்பெயினின் சரகோசா கிளப்பின் மைதானம். எட்டோ பந்தைத் தொடும்போதெல்லாம் கூட்டத்தின் ஒரு பகுதி குரங்குச் சத்தம் போட்டது. முந்தைய வருடமும் அதே மைதானத்தில் அதே சத்தம், அப்போது கோல் அடித்துவிட்டு குரங்கு போலவே ஆடிக் காட்டிப் பதில் சொன்னார். இந்த முறை போதும் என்று கையை அசைத்துவிட்டு எல்லைக்கோட்டை நோக்கி நடந்தார். சக வீரர்களும், எதிரணியில் இருந்தவர்களும்கூட, வழியை மறித்துப் பேசினார்கள். கோச் ரைக்கார்டும் சமாதானப்படுத்தினார். கடைசியில் திரும்பி வந்து ஆடினார், பார்சலோனா 2-0 ஜெயித்தது.

அன்றைக்கு அவர் ஆட்டத்தை விட்டுப் போயிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான். அவரைத் தடுத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் தடுத்தார்கள், ஆனால் அன்று ஆட்டம் நின்றிருந்தால் ஸ்பெயின் கால்பந்து இந்தப் பிரச்சினையைப் பல வருடம் முன்பே நேராகப் பார்த்திருக்கும்.

மூணு கோப்பை ஜெயிச்ச அதே வருஷம் பார்சலோனா ஏன் அனுப்பிச்சது?

2008-லேயே கார்டியோலா வந்ததும் ரொனால்டினோ, டெகோ, எட்டோ மூவரும் தன் திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். முதல் இருவரும் போனார்கள், எட்டோ மட்டும் பயிற்சியில் காட்டிய உழைப்பால் இருந்தார். அந்த சீசனில் லீக்கில் மட்டும் 30 கோல், மொத்தம் 36. மெஸ்ஸி 38, ஆன்ரி 26, மூவருமாகச் சேர்ந்து சரியாக 100. லீக், அரசர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் கிடைத்தன.

அது முடிந்த கையோடு இன்டரின் ஸ்ட்ரைக்கர் இப்ராஹிமோவிச்சை வாங்க எட்டோவையும் மேலே 4 கோடி யூரோவுக்கு மேல் பணத்தையும் இன்டர் மிலனுக்குக் கொடுத்தார்கள். கார்டியோலா சொன்ன காரணம், ஆட்டத்தில் குறை இல்லை, உணர்வு ரீதியாக ஒத்துவரவில்லை என்பது. நேர்மையான பதில்தான், ஆனால் கிளப் கணக்கில் அது மோசமான வியாபாரம். அடுத்த வருடம் என்ன நடந்தது என்று பாருங்கள்.

இன்டர்ல டிஃபெண்டர் மாதிரி ஆடினாராம், உண்மையா?

உண்மை. இன்டரின் கோச் மொரின்யோவின் அணியில் முன்களத்தின் நடுவில் ஸ்ட்ரைக்கர் மிலிட்டோ, எட்டோவுக்கு ஓரம். 2010 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் எதிரே வந்தது பார்சலோனாவேதான். முதல் ஆட்டம் மிலனில் 3-1. இரண்டாவது ஆட்டத்தில் பார்சலோனா மைதானத்தில் அரை மணி நேரத்துக்குள் இன்டரின் மொட்டா ரெட் கார்டு வாங்கி வெளியேற, மீதி நேரம் முழுக்க எட்டோ தன் கோலுக்குப் பக்கத்திலேயே நின்று தடுத்தார். லீக்கில் ஒரு சீசனில் 30 கோல் அடித்த ஆள், ஃபுல் பேக் (ஓரத் தடுப்பாட்டக்காரர்) மாதிரி ஓரத்தில் ஏறி இறங்கி ஓடினார். 1-0 தோற்றும் இன்டர் இறுதிக்குப் போனது, அங்கே ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கை 2-0 ஜெயித்தது. அந்த வருடம் இன்டருக்கும் மூன்று கோப்பை. அடுத்தடுத்த 2 வருடம், 2 வெவ்வேறு கிளப்போடு மூன்று கோப்பை ஜெயித்தவர் அவர்.

நட்சத்திர வீரரை ஓரத்தில் போட்டால் முகம் சுளிப்பதுதான் வழக்கம். எட்டோவுக்கு கோபம் அதிகம், தன்மானம் அதைவிட அதிகம், இருந்தும் இதைச் செய்தார். லெகானெஸ் நாட்களை நினைத்துக்கொண்டால் எனக்கு இது புரிகிறது. அடுத்த சீசனில் திரும்ப நடுவில் ஆடவிட்டபோது 37 கோல் அடித்தார்.

2011-ல ரஷ்யாவுக்குப் போனது பணத்துக்காகத்தானே?

ஆமாம், பெரும்பாலும் அதற்காகத்தான். அன்ஷி மக்காச்கலா கிளப்பை ஒரு பெரும் செல்வந்தர் வாங்கியிருந்தார், அப்போது உலகிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் வீரராக எட்டோ ஆனார் என்று பத்திரிகைகள் எழுதின. பாதுகாப்புக் காரணங்களால் வீரர்கள் மாஸ்கோவில் தங்கிப் பயிற்சி செய்து, சொந்த மைதான ஆட்டத்துக்கே விமானத்தில் கிளப்பின் ஊர் இருக்கும் தாகெஸ்தான் பகுதிக்குப் போய் வருவார்கள். 2013-ல் உரிமையாளர் செலவைச் சுருக்கியதும் அணி கலைந்தது. 30 வயதில் 3 சாம்பியன்ஸ் லீக்கோடு அந்த முடிவை எடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் நல்ல 2 வருடத்தை நாம் பார்க்காமல் போனோம் என்ற வருத்தம் உண்டு.

அவர் உண்மையான வயசு வேறன்னு மொரின்யோவே சொன்னாரே?

ரஷ்யாவுக்குப் பிறகு எட்டோ போன இங்கிலாந்து கிளப் செல்சியில், அங்கே கோச்சாக இருந்த மொரின்யோ 2014 பிப்ரவரியில் கேமரா ஓடுவது தெரியாமல் பேசியது அது. எட்டோவுக்கு 32 இருக்கும், இல்லை 35-ஆ, யாருக்குத் தெரியும் என்ற பொருளில் வேடிக்கையாகச் சொன்னார். அதற்கு வேறு எந்த ஆதாரமும் இல்லை. ஆப்பிரிக்க வீரர்கள் மேல் சுலபமாக வீசப்படும் சந்தேகம் அது, அதனால்தான் வலித்தது. அந்தப் பேச்சுக்கு முந்தைய மாதம்தான் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் 3 கோல்) அடித்திருந்தார். மார்ச்சில் டாட்டன்ஹாமுக்கு எதிராக கோல் அடித்ததும் கார்னர் கொடியைப் பிடித்துக்கொண்டு முதுகு வலிக்கும் கிழவர் மாதிரி குனிந்து நின்றார்.

செல்சிக்குப் பிறகு எவர்டன், சம்ப்டோரியா, துருக்கியில் அன்டால்யாஸ்போர், கொன்யாஸ்போர், கடைசியாக கத்தாரில் ஒரு சீசன். 2019 செப்டம்பரில் ஓய்வு.

கிளப்புக்கு இவ்வளவு செஞ்சவர் கேமரூனுக்கு என்ன செஞ்சார்? உலகக் கோப்பையில ஒண்ணும் இல்லையே?

2000, 2002 என இரண்டு ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை. நடுவில் 2000 சிட்னி ஒலிம்பிக் தங்கம். அந்த இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் 2-0 முன்னிலை, எட்டோவின் கோலோடு கேமரூன் சமன் செய்து பெனால்டியில் ஜெயித்தது. தோற்ற ஸ்பெயின் அணியில் ஷாவியும் புயோலும் இருந்தார்கள், 4 வருடம் கழித்து பார்சலோனாவில் அதே இருவரோடு ஒரே அறையில் சட்டை மாற்றினார்.

உலகக் கோப்பையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. 4 முறை போனார் (1998, 2002, 2010, 2014), மொத்தம் 3 கோல், ஒரு முறைகூட முதல் சுற்றைத் தாண்டவில்லை. அவர் உச்சத்தில் இருந்த 2006-ல் கேமரூன் தகுதியே பெறவில்லை: கடைசித் தகுதி ஆட்டத்தில் எகிப்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் சக வீரர் ஒருவர் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டு வெளியே போனது, ஒரே ஒரு புள்ளியில் கோட் டிவார் (ஐவரி கோஸ்ட்) முந்திக்கொண்டது.

2011 நவம்பரில் பேசிய பணம் வரவில்லை என்று வீரர்கள் ஒரு நட்பு ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள், அணித் தலைவர் என்ற முறையில் எட்டோவுக்கு 15 ஆட்டத் தடை விதித்தார்கள், பிறகு குறைத்தார்கள். உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கியவருக்கு அந்தப் பணம் தேவைப்பட்டிருக்காது. சின்னச் சம்பளத்தில் ஆடிய மற்றவர்களுக்கு அது தேவை.

வரி ஏய்ப்பு வழக்குல குற்றத்தை ஒப்புக்கிட்டாரே, அதை ஏன் யாரும் பேசறதில்ல?

பேசலாம். 2006 முதல் 2009 வரை பட உரிமை (தன் படத்தையும் பெயரையும் விளம்பரங்களுக்குப் பயன்படுத்த விடுவது) வருமானத்தில் சுமார் 38 லட்சம் யூரோ வரி கட்டாத வழக்கு. 2022 ஜூனில் ஸ்பெயின் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், 22 மாதச் சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, அபராதமும் உண்டு. அப்பாவாக நினைத்த தன் முகவர் சொன்னபடி செய்ததாக அவர் சொன்னார்.

குற்றம் குற்றம்தான், அப்போது அவர் 25 வயதைத் தாண்டிய பெரிய மனிதர். ஆனால் வெளிநாட்டுக்குத் தனியாக வரும் பையன் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறான் என்பதை யார் அவனுக்குப் படித்துச் சொல்கிறார்கள் என்ற கேள்வியை நான் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். மொழி தெரியாது, சட்டம் தெரியாது, பக்கத்தில் ஒருவர் மட்டும் இருப்பார். அந்தப் பழக்கம் 25 வயதிலும் விடுவதில்லை.

இப்போ ஒரு 16 வயசுப் பையன் எட்டோ மாதிரியே ஸ்பெயினுக்குப் போக முடியுமா?

ஆப்பிரிக்காவிலிருந்து நேராகப் போக முடியாது. 2001-லிருந்து உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி 18 வயதுக்குக் கீழே நாடு விட்டு நாடு டிரான்ஸ்பர் கிடையாது. விலக்கு சில உண்டு: பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் கூடவே போகலாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 வயதில் மாறலாம், எல்லைக்கு அருகில் வசித்தால் பக்கத்து நாட்டுக் கிளப்பில் சேரலாம். விதியை மீறியதற்காக பார்சலோனா, ரியல் மாட்ரிட், அட்லெடிகோ மூன்றுமே புது வீரர்களை எடுக்கத் தடை வாங்கியிருக்கின்றன. பிரேசிலின் இளம் வீரர் என்ட்ரிக்கை ரியல் மாட்ரிட் 2022 டிசம்பரிலேயே பேசி முடித்தும், அவருக்கு 18 ஆகும் வரை, 2024 ஜூலை வரை, காத்திருந்தது இதனால்தான்.

அப்படியானால் எட்டோவுக்கு அந்த விதி இருந்திருந்தால் நல்லதா கெட்டதா? இதை என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். இருந்திருந்தால் டுவாலாவிலேயே இன்னும் 2 வருடம், வீட்டுச் சாப்பாடு, தெரிந்த மொழி, வாரம் தவறாமல் ஆட்டம். அவருக்கு நடந்ததை வைத்துப் பார்த்தால் அந்த முதல் 2 வருடத்தில் மாட்ரிட் அவருக்குப் பெரிதாக ஒன்றும் தரவில்லை. அதனால் விதி சரி என்பதுதான் என் கருத்து. விதி வந்த பிறகும் போலி முகவர்கள் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு பையன்களை ஐரோப்பிய நகரங்களில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காணாமல் போவது நிற்கவில்லை. எட்டோவுக்காவது இறங்கிய ஊரில் ஒரு கிளப் இருந்தது.

அனுப்பி வைக்கிற உள்ளூர் கிளப்புக்கு ஏதாவது கிடைக்குமா?

இப்போது கிடைக்கும். பையன் முதல்முறை தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது வளர்த்த கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடு உண்டு. அதற்குப் பிறகும், வேறு நாட்டுக் கிளப்புக்கு விற்கப்படும் ஒவ்வொரு முறையும் தொகையில் 5 சதவீதம் ஒதுக்கி, 12 முதல் 23 வயது வரை அவர் எங்கெங்கே ஆடினாரோ அந்தக் கிளப்புகளுக்கு வருடக் கணக்கில் பிரித்துக் கொடுக்க வேண்டும். சின்னக் கிளப்புக்கு அது மைதானத்தையே புதுப்பிக்கும் தொகை. ஆனால் பையன் எந்த வருடம் எங்கே பதிவாகியிருந்தான் என்ற காகிதம் கையில் இருக்க வேண்டும், பல இடங்களில் அந்தப் பதிவே ஒழுங்காக இருப்பதில்லை. அகாடமி நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள்.

இப்போ என்ன பண்றார்? நிர்வாகத்துல சண்டைதான் போடறார்னு கேள்விப்பட்டேன்.

2021 டிசம்பர் 11-ல் கேமரூன் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமைதியாகப் போகவில்லை. தேசிய அணியின் கோச் நியமனத்தில் விளையாட்டு அமைச்சகத்தோடு வெளிப்படையான மோதல், 2024 செப்டம்பரில் ஃபிஃபா அவருக்கு 6 மாதம் தேசிய அணி ஆட்டங்களுக்கு வரத் தடை விதித்தது. ஆடுகளத்தில் அவரைக் காப்பாற்றிய அந்தப் பிடிவாதம், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு ஒத்துவரவில்லை என்று எனக்குப் படுகிறது, அவரை நேசிப்பவனாகவே சொல்கிறேன்.

நான் அவரிடம் எதிர்பார்ப்பது வேறு. கேமரூன் உள்ளூர் லீக் ஒழுங்காக நடந்து, அதில் ஆடுபவர்களுக்கு மாதா மாதம் சம்பளம் வந்தால், 16 வயதுப் பையன் 18 வரைக்கும் வீட்டிலேயே இருந்து ஆடலாம். அது அமைச்சர் கையில் இருப்பதைவிட அவர் கையில்தான் அதிகம் இருக்கிறது.